ஒன்பது பர்சென்ட்: அம்பத்தூரில் டோனி அயோமியைப் படித்த கதை

(எபிசோடின் ஒலிப்பதிவிலிருந்து திருத்தி எழுதியது. பேச்சு நடையை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறோம்.)

ராக் மியூசிஷியன்ஸ் எழுதின சுயசரிதை எல்லாம் படிக்கலாமா, எதுல ஆரம்பிக்கறதுன்னு உங்கள்ல சில பேர் கேட்டிருந்தீங்க. சுருக்கமா சொல்லிடறேன். கீத் ரிச்சர்ட்ஸோட ‘லைஃப்’ 2010ல வந்தது. புரூஸ் ஸ்ப்ரிங்ஸ்டீனோட ‘பார்ன் டு ரன்’ 2016. நம்ம நாட்டுல, கோவாக்காரர் ரெமோ ஃபெர்னாண்டஸ் 2021ல எழுதியிருக்கார். பெரும்பாலும் எல்லாத்துக்கும் ஒரே உருவம்தான். காசில்லாத சின்ன வயசு, முதல் கிடார், வேன்ல ஊர் ஊரா அலைச்சல், புகழ், போதை, விவாகரத்து, அப்புறம் திருந்தி தோட்டம் போடறது. நாலு புத்தகம் படிச்சா அஞ்சாவதுல அடுத்து என்ன வரும்னு நீங்களே சொல்லிடுவீங்க.

ஆனா ஒரு புத்தகத்தைப் பத்தி மட்டும் இன்னிக்கு முழுசா பேசணும். டோனி அயோமியோட ‘அயர்ன் மேன்’. டி.ஜே. லாமர்ஸ்ங்கறவரோட சேர்ந்து எழுதினது, 2011ல வந்தது. நந்தனம் புத்தகக் கண்காட்சிக்கு வெளியில பிளாட்பாரத்துல பழைய புத்தகம் போட்டிருப்பாங்க இல்ல, அங்க நூத்தி அம்பது ரூபாய்க்கு வாங்கினேன். அட்டை கொஞ்சம் கிழிஞ்சிருந்தது. அதோட ஆரம்பப் பகுதியை எங்க அப்பாவுக்கு தமிழ்ல சொல்லிக்கிட்டே படிச்சேன். அதனாலதான் இந்த எபிசோடே.

தெரியாதவங்களுக்கு: அயோமி, பிளாக் சபாத் பேண்டோட கிடாரிஸ்ட். 1968ல இங்கிலாந்துல பர்மிங்ஹாம் நகரத்துல ஆரம்பிச்ச பேண்ட். அயோமி, ஆஸி ஆஸ்போர்ன், கீஸர் பட்லர், பில் வார்ட்னு நாலு பேர். முதல் ஆல்பம் 1970 பிப்ரவரில வந்துச்சு, மொத்த ரெக்கார்டிங்கும் கிட்டத்தட்ட ஒரே நாள்ல முடிஞ்சது. ஹெவி மெட்டல்னு நாம இன்னிக்கு சொல்றதுக்கு ஆரம்பப் புள்ளி எதுன்னு கேட்டா, பெரும்பாலானவங்க கையை இங்கதான் காட்டுவாங்க. அந்த கனமான, இழுத்து இழுத்து வர்ற கிடார் சத்தம் அயோமியோடது.

நான் வளர்ந்தது கள்ளிகுப்பம் பக்கம். வேலை, அம்பத்தூர் எஸ்டேட்டுக்குள்ள ஒரு ஐ.டி. பார்க்ல. 1964ல ஆரம்பிச்ச எஸ்டேட், ஆயிரம் ஏக்கருக்கு மேல. இப்போ கண்ணாடி பில்டிங் நிறைய வந்தாச்சு. ஆனா பின்னாடி தெருவுல மதியம் நடந்து பாருங்க, ஷட்டருக்கு உள்ளேர்ந்து ‘டம்... டம்...’னு ஒரே தாளத்துல பிரஸ் அடிக்கற சத்தம் இன்னும் கேக்கும்.

புத்தகத்துல பர்மிங்ஹாம் வர்ணனையைப் படிக்கும்போது எனக்கு வேற ஊர் மாதிரியே தோணல. அதுக்கு காரணம் இருக்கு. அயோமியோட அப்பா அம்மா கடை வச்சிருந்த ஏரியா பேரு ஆஸ்டன். ஹெர்குலிஸ் சைக்கிள் தயாரான ஏரியாவும் அதே ஆஸ்டன்தான். அந்த ஹெர்குலிஸை இங்க அம்பத்தூர்ல செய்யறதுக்காக 1949ல ஆரம்பிச்சதுதான் டி.ஐ. சைக்கிள்ஸ். உங்க வீட்ல ஒரு பி.எஸ்.ஏ. எஸ்.எல்.ஆர். நின்னிருக்கும் இல்ல? பி.எஸ்.ஏ.ன்னா பர்மிங்ஹாம் ஸ்மால் ஆர்ம்ஸ். துப்பாக்கி கம்பெனி பேரை வச்சுக்கிட்டு நாம டியூஷனுக்குப் போயிருக்கோம். டன்லப் ஸ்டாப்ல இறங்கறோம், டன்லப்போட பெரிய கோட்டை மாதிரி ஃபேக்டரி இருந்ததும் பர்மிங்ஹாம்தான். பாடியில லூகாஸ் ஸ்டாப். 1961ல ஆரம்பிச்ச லூகாஸ்-டி.வி.எஸ்.ல இருக்கற லூகாஸ், பர்மிங்ஹாம் கம்பெனி. ஆஸி ஆஸ்போர்ன் தன்னோட புத்தகத்துல எழுதியிருக்கார்: அவங்க அம்மா லூகாஸ்ல வேலை பார்த்தாங்க, பையனையும் அங்கயே சேர்த்துவிட்டாங்க, கார் ஹார்னை டியூன் பண்ற வேலை. நாள் முழுக்க ஹார்ன் சத்தம்.

இதை அப்பாகிட்ட சொன்னேன். “எது, நம்ம பாடி லூகாஸா?”ன்னார். அது இல்லப்பா, அதோட அம்மா கம்பெனின்னு சொன்னதும் புத்தகத்தை வாங்கி அட்டையைத் திருப்பிப் பார்த்தார். அதுவரைக்கும் அவருக்கு இது யாரோ முடி வளர்த்த வெள்ளைக்காரன் புத்தகம்.

இப்போ விஷயத்துக்கு வரேன். 1965. அயோமிக்கு பதினேழு வயசு. ஒரு ஷீட் மெட்டல் ஃபேக்டரில வெல்டிங் வேலை. ஒரு பேண்டோட ஜெர்மனி போக சான்ஸ் கிடைச்சதால வேலையை விட்டுட்டார், அன்னிக்கு கடைசி நாள். மதியம் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்தவர், இனிமே போகலன்னு சொல்றார். அம்மா விடல. எடுத்த வேலையை ஒழுங்கா முடிச்சுட்டு வான்னு அனுப்பறாங்க. (எல்லா ஊர் அம்மாவும் ஒரே அம்மாதான்.) வழக்கமா ஒரு பெண் பிரஸ்ல தகட்டை வளைச்சு இவருக்கு அனுப்புவாங்க, இவர் வெல்ட் பண்ணுவார். அன்னிக்கு அந்தப் பெண் வரல. ஜாப் வராம இவர் சும்மா நின்னதால, நீயே பிரஸ்ல நில்லுன்னு சொல்லிட்டாங்க. அதுக்கு முன்னாடி அவர் அந்த மெஷினைத் தொட்டதே இல்ல. மெஷின் வலது கை மேல இறங்குது. கையை வெடுக்குனு இழுக்கறார். நடு விரல், மோதிர விரல் ரெண்டோட நுனியும் போயிடுது. அப்புறம் யாரோ அந்த நுனிகளை ஒரு தீப்பெட்டில போட்டு ஆஸ்பத்திரிக்கு எடுத்துட்டு வராங்க. கறுத்துப் போயிருந்தது, ஒட்ட வைக்க முடியல.

அயோமி இடது கைக்காரர். அதாவது கிடார்ல கம்பியைத் தட்டறது இடது கை, கம்பியை அழுத்திப் பிடிக்கறது வலது கை. போனது அழுத்தற கை விரல்.

இந்தப் பகுதியை நான் கொஞ்சம் நாடகமாத்தான் படிச்சுக் காட்டினேன். உலகமெங்கும் ரசிகர்கள் புல்லரிச்சுப் போற இடம் இல்லையா. அப்பா புல்லரிக்கல. கேள்வி கேட்டார்.

“கால் பெடலா, கை பட்டனா?”

“பெடல்தான்பா. ஆடிட்டே இருந்ததுன்னு எழுதியிருக்கார்.”

“அந்தப் பொண்ணு ஏன் வரல?”

“அதெல்லாம் இல்லப்பா.”

“முன்னாடி கார்டு கீர்டு எதுவும் இல்லையா? சொல்லிக் குடுத்தாங்களா, இல்ல நேரா நிக்க வச்சுட்டாங்களா?”

எனக்கு அப்போதான் ஒண்ணு உறைச்சுது. நான் படிச்சுக்கிட்டிருந்தது ஒரு ராக் ஸ்டாரோட விதி. அவர் கேட்டுக்கிட்டிருந்தது ஒரு ஆக்சிடென்ட் என்கொயரி.

பவர் பிரஸ் எப்படி வேலை செய்யுதுன்னு அப்பா சொன்னதை நான் சொல்றேன். பக்கத்துல ஒரு பெரிய பிளைவீல் மோட்டார்ல சுத்திட்டே இருக்கும். பெடலை மிதிச்சா கிளட்ச் பிடிக்கும், மேலேர்ந்து ராம் இறங்கி தகட்டை டைக்குள்ள அழுத்தும். பழைய மாடல் கிளட்ச்ல, ராம் ஒரு தடவை கிளம்பிட்டா நடுவுல நிறுத்தவே முடியாது, முழு சுத்து முடிஞ்சாதான் நிக்கும். கால் பெடல்ல என்ன பிரச்சனைன்னா, ரெண்டு கையும் சும்மா இருக்கு. சும்மா இருக்கற கை தகட்டை சரி பண்ண டைக்குள்ள போகும். அதே நேரம் கால் மிதிச்சுடும். அதனாலதான் ரெண்டு கை பட்டன் வந்தது. ரெண்டையும் ஒரே நேரத்துல அழுத்தினாதான் ராம் இறங்கும், அப்போ ரெண்டு கையும் வெளியில இருந்தே ஆகணும். அப்புறம் வந்தது லைட் கர்ட்டன், கை குறுக்க போனா மெஷின் நின்னுடும். “ஆனா கவுண்ட் காட்டணும்ல,” அப்பா சொன்னார். “ஒரு பட்டனை குச்சி வச்சு அடைச்சுட்டு ஒரு கையால ஓட்டுவாங்க. சூப்பர்வைசர் பார்த்துட்டு பார்க்காத மாதிரி போவார்.”

அயோமி விஷயத்துல அவர் கொடுத்த தீர்ப்பு: தெரியாத ஆளை, தெரியாத மெஷின்ல, இன்னொருத்தர் லீவுக்கு பதிலா, கால் பெடல் வச்சு நிக்க வச்சது தப்பு. “அம்மா அனுப்பினதால ஒண்ணும் இல்ல.”

நான் யோசிச்சுப் பார்த்தேன். இந்தக் கதையை எத்தனை வீடியோல கேட்டிருக்கேன்! எல்லாத்துலயும் கடைசி நாள், அம்மா திருப்பி அனுப்பினது, அதுதான் பெருசா வரும். பெடல் ஆடினது வரவே வராது. அயோமியே புத்தகத்துல அதை ஒரு வார்த்தைல சொல்லிட்டு நகர்ந்துடறார்.

எங்க அப்பாவுக்கு வலது கை ஆள்காட்டி விரல்ல நுனிக் கணு கிடையாது. 1999, எனக்கு மூணு வயசு. எஸ்டேட்ல ஒரு சின்ன கம்பெனி, பேர் வேணாம். செகண்ட் ஷிப்ட், மேல ஓ.டி. பவர் பிரஸ், கால் பெடல். இவ்வளவுதான் எனக்குத் தெரிஞ்சிருந்தது, அதுவும் அம்மா சொல்லி. அவர் வாயால கேட்டது இந்தப் புத்தகத்தை வச்சுக்கிட்டு உக்காந்த அன்னிக்குத்தான்.

அவருக்கு ஞாபகம் இருக்கற நம்பர் ‘ஒன்பது பர்சென்ட்’. இது எங்கேர்ந்து வருதுன்னு அப்புறம் தேடிப் படிச்சேன். 1923ஆம் வருஷத்து தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்துல ஒரு அட்டவணை இருந்தது. இ.எஸ்.ஐ. சட்டத்துலயும் அதே மாதிரி அட்டவணைதான். உடம்புல எது போனா சம்பாதிக்கற திறன்ல எவ்வளவு போச்சுன்னு ஒவ்வொண்ணுக்கும் ஒரு சதவீதம். ஆள்காட்டி விரல் முழுசா போனா 14. ரெண்டு கணு போனா 11. ஒரு கணுன்னா 9. எலும்பு போகாம நுனி மட்டும் வெட்டுப்பட்டா 5. நடு விரல்ல ஒரு கணு 7. மோதிர விரல், சுண்டு விரல்னா 5. நுனி வெட்டுப்படறதுக்கு அந்த ஆங்கில அட்டவணைல இருக்கற வார்த்தை ‘கில்லட்டின்’.

அப்போ டோனி அயோமிக்கு எவ்வளவு? ஒரு கணுன்னே வச்சுக்கிட்டாலும் நடு விரல் 7, மோதிர விரல் 5, மொத்தம் 12. எலும்பு தப்பிச்சதுன்னு போர்டு எழுதிட்டா 4ம் 2ம் சேர்ந்து 6. இப்போ இ.எஸ்.ஐ.ல நிரந்தர ஊனத்துக்கு சம்பளத்துல 90 சதவீதத்தை எடுத்து, அதுல இந்த பர்சென்டேஜைப் போட்டு மாசாமாசம் தருவாங்க. பதினஞ்சாயிரம் சம்பளம்னா, 90 சதவீதம் 13,500. அதுல 9 சதவீதம் 1,215 ரூபாய். ஆயுசு முழுக்க வரும், அதைக் குறை சொல்லல. இ.எஸ்.ஐ.யே இல்லாத கான்ட்ராக்ட் ஆள் எத்தனையோ பேர். ஆனா அந்த அட்டவணை, அந்த விரலை வச்சு நீ என்ன பண்ணிட்டிருந்தேன்னு கேக்காது. கிடார் வாசிச்சியா, கணக்கு எழுதினியா, எல்லாம் ஒண்ணுதான்.

சரி, அயோமி எப்படித் திரும்ப வாசிச்சார்? இதுதான் புத்தகத்துலயே நல்ல பகுதி. டாக்டர்கள் வேற வேலை பார்த்துக்கோன்னு சொல்லிட்டாங்க. அவர் சோர்ந்து உக்காந்திருக்கும்போது ஃபேக்டரி மேனேஜர் ஒரு ரெக்கார்டோட வீட்டுக்கு வரார். போட்டுக் கேளுங்கறார். அருமையா வாசிக்கறான், ஆனா எனக்கு இப்போ இது எதுக்குன்னு இவர் எரிச்சல்படறார். வாசிக்கறது ஜாங்கோ ரைன்ஹார்ட், அவர் ரெண்டு விரலாலதான் வாசிக்கறார்னு மேனேஜர் சொல்றார். ஜாங்கோ, ஜாஸ் கிடாரிஸ்ட். 1928ல அவர் தங்கியிருந்த வண்டில தீப்பிடிச்சு, இடது கைல ரெண்டு விரல் செயலிழந்து போனவர்.

அதுக்கப்புறம் அயோமி பண்ணது முழுக்க ஒர்க்‌ஷாப் வேலை. பாத்திரம் கழுவற லிக்விட் பாட்டிலை உருக்கி உருண்டையாக்கறார். சால்டரிங் அயர்ன் வச்சு குழி பண்ணி விரல்ல மாட்டற மாதிரி ஒரு தொப்பி. உப்புத்தாள் போட்டுத் தேச்சு சைஸ் பண்றார். பிளாஸ்டிக் கம்பி மேல வழுக்குது. பழைய லெதர் ஜாக்கெட்டை வெட்டி, தோலை மேல ஒட்டறார். ஆனா விரல் நுனிலதான் தொடு உணர்ச்சியே. தொப்பி போட்டா கம்பி விரலுக்குக் கீழ இருக்கா இல்லையான்னே தெரியாது. எவ்வளவு அழுத்தறோம்னும் தெரியாது. காதை வச்சுத்தான் கண்டுபிடிக்கணும்.

அடுத்தது கம்பி. அந்தக் காலத்து கிடார் கம்பி தடிமன், அழுத்தினா வலி. மெல்லிசான செட்டு கடைல கிடைக்கல. பாஞ்சோன்னு ஒரு வாத்தியம், அதோட மெல்லிசு கம்பிகளை வாங்கி மாட்டினார். அப்புறம் 1971ல வந்த ‘மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி’ ஆல்பத்துல சில பாட்டுக்கு கிடாரையே மூணு ஸ்வரஸ்தானம் இறக்கிட்டார். கர்நாடக சங்கீதத்துல சுருதியைக் கீழ இறக்கற மாதிரி. இதுல ஒரு ஸ்கூல் ஃபிசிக்ஸ் இருக்கு. கம்பியோட அதிர்வெண், இழுவிசையோட வர்க்கமூலத்தைப் பொறுத்தது. மூணு ஸ்தானம் இறக்கினா அதிர்வெண் சுமார் 84 சதவீதம் ஆகும். இழுவிசை அதோட வர்க்கம், சுமார் 71 சதவீதம். அதாவது அதே கம்பி முப்பது சதவீதம் தளர்ந்துடும். விரலுக்கு சுலபம். காதுக்கு? இருட்டா, கனமா, மண்ணுக்குள்ளேர்ந்து வர்ற மாதிரி.

நாலு விரலையும் விரிச்சுப் பிடிக்கற கார்டுகள் பல அவருக்கு வராது. அதனால ரெண்டு மூணு சுரம் மட்டும் வச்ச பவர் கார்டுகளைப் பெரிய சத்தத்துல நிறுத்தி நிறுத்தி வாசிச்சார். ஒரு சந்ததியே அதைக் காப்பி பண்ணுச்சு, பத்து விரலும் ஒழுங்கா இருக்கறவங்க உட்பட.

இங்கதான் வழக்கமா எல்லாரும் ஒரு வரி சொல்லுவாங்க, அந்த விபத்து நடக்கலன்னா ஹெவி மெட்டலே இல்லன்னு. நானும் சொல்லியிருக்கேன். அன்னிக்கு அப்பா எதிர்ல உக்காந்து அதைச் சொல்ல வாய் வரல. பிரஸ் விரலை எடுத்துச்சு, அவ்வளவுதான் பிரஸ் பண்ணது. மத்ததெல்லாம் வேற ஆளுங்களும் வேற பொருளும். ரெக்கார்டோட வந்த மேனேஜர். கடை நடத்தி சோறு போட்ட வீடு, உடனே வேலைக்குப் போகணும்னு கட்டாயம் இல்லாத சில மாசங்கள். அவருக்கே சால்டரிங் தெரிஞ்சிருந்தது.

எங்க வீட்டுக்கும் கம்பெனிலேர்ந்து ஆள் வந்திருக்காங்க. ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில், கூட ஒரு பேப்பர். என் கவனக்குறைவால் கையை உள்ளே வைத்துவிட்டேன்னு டைப் அடிச்சிருந்ததாம். அப்பாவுக்கு நல்லா கையெழுத்துப் போட வரும், எஸ்.எஸ்.எல்.சி. படிச்சவர். வலது கைல கட்டு. இடது பெருவிரல் ரேகை வாங்கிட்டுப் போயிட்டாங்க. “அதுதான் கொஞ்சம் ஒரு மாதிரி இருந்தது,” அப்படின்னார். விரலைப் பத்தி ஒண்ணும் சொல்லல.

எங்க வீட்டுப் பரண்ல ஒரு கேரம் போர்டு இருக்கு. பெருசு, டோர்னமென்ட் சைஸ், நாலு மூலை வலையும் கிழிஞ்சிருக்கும். யாரும் ஆடி நான் பார்த்ததில்ல. ஸ்ட்ரைக்கரை எந்த விரலால அடிப்பாங்கன்னு எனக்குத் தெரியும், ஆனாலும் இத்தனை வருஷம் ரெண்டையும் சேர்த்து யோசிச்சதே இல்ல. அப்பா ஏரியால நல்ல ஆட்டக்காரராம், பூந்தமல்லி, ஆவடின்னு போட்டிக்குப் போயிருக்கார்.

அயோமி போதைல இருந்ததால நான் கேட்டுட்டேன்: “நடு விரல்ல ஆடிப் பழகியிருக்கலாமேப்பா?”

“ஆடலாம்,” அப்படின்னார். “டைம் ஏதுமா? ஆறாவது வாரம் டூட்டிக்குப் போயிட்டேன். அதே மெஷின்.”

இது பழைய கதைன்னு நினைச்சுடாதீங்க. சேஃப் இன் இந்தியாங்கற அமைப்பு 2019லேர்ந்து ‘க்ரஷ்டு’ன்னு வருஷாவருஷம் அறிக்கை போடுது. வாகன உதிரிபாக கம்பெனிகள்ல நசுங்கற காயங்களைப் பத்தி, முக்கியமா ஹரியானா பக்கம். ஒவ்வொரு தடவையும் முதல் குற்றவாளி பவர் பிரஸ்தான்.

புத்தகத்தோட மிச்சத்தைப் பத்தியும் நேர்மையா சொல்லிடறேன். சின்னச் சின்ன அத்தியாயம், மெட்ரோல படிக்க வசதி. பின்பாதி எனக்கு இழுவை. பாடகர்கள் மாறிட்டே இருக்காங்க, பேர் ஞாபகம் வச்சுக்க முடியல. போதைக் கதைகளை சிரிச்சுக்கிட்டே சொல்றார். பில் வார்ட் மேல விளையாட்டுக்கு தீ வச்சு, அவருக்கு மோசமா தீக்காயம் ஆனதையும் கிட்டத்தட்ட ஜோக் மாதிரிதான் எழுதறார். கை போன வலியை அவ்வளவு கவனமா எழுதின ஆள், இன்னொருத்தர் தோல் எரிஞ்சதை எப்படி இவ்வளவு லேசா எழுதினார்னு எனக்குப் புரியல. 2012 ஜனவரில தெரிஞ்ச அவரோட புற்றுநோய், புத்தகம் வந்ததுக்கு அப்புறம் நடந்தது. அந்த நாலு பேரும் கடைசியா ஒண்ணா மேடை ஏறினது 2025 ஜூலை 5, ஆஸ்டன்ல இருக்கற வில்லா பார்க் மைதானத்துல. பதினேழு நாள் கழிச்சு ஆஸி போயிட்டார்.

அந்தக் கச்சேரி வீடியோவைத்தான் அப்பாவுக்குப் போட்டுக் காட்டினேன். பாட்டு அவருக்கு ஒத்துவரல, சவுண்டைக் கம்மி பண்ணச் சொன்னார். கேமரா அயோமி கை கிட்ட போச்சு. அப்பா போனை வாங்கி நிறுத்தி, ரெண்டு விரலால பெருசாக்கிப் பார்த்தார். ரொம்ப நேரம்.

“கேப் நல்லா உக்காந்திருக்கு,” அப்படின்னார். “தோலை எதால ஒட்டறானாம்? வேர்வைல கழண்டு வந்துடுமே.”

அந்தப் பக்கத்தை மறுபடி எடுத்துத் தேடிக்கிட்டிருந்தேன். உள்ளேர்ந்து அம்மா சாப்பிடக் கூப்பிட்டாங்க.

அடுத்த எபிசோட்ல ரெமோ ஃபெர்னாண்டஸ் புத்தகம். படிச்சவங்க வாய்ஸ் நோட் அனுப்புங்க. வரேன்.